லேப்டாப்பும் 538 யூனிட்டும்

இந்த முறை இரண்டு மாதக் கரண்ட் பில்லில் 538 யூனிட். 500ஐத் தாண்டினால் முதல் 100 போக, 101ஆவது யூனிட்டில் இருந்தே விலை மாறிவிடும் என்பதால் எங்கள் வீட்டில் அது லட்சுமணன் கோடு மாதிரி. குறுஞ்செய்தியைப் பார்த்ததும் அப்பா நேராக என் மேசைக்கு வந்து லேப்டாப் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தார். 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர், 65 வாட் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் பெருக்கினார். 65 வாட், தினம் பத்து மணி நேரம், 60 நாள். 39 யூனிட்.

"538ல 39 போனா 499. உன் பெட்டி இல்லேன்னா கோட்டுக்குள்ளயே நின்னிருப்போம்மா."

பெருக்கலில் பிழை இல்லை. 65 வாட்டில்தான் எனக்குச் சந்தேகம். அது அந்த அடாப்டர் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கும் என்பதற்கான எண். வேனில் இருபது பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தால் எந்நேரமும் இருபது பேரா போகிறார்கள்? இதைச் சொன்னதற்கு, "அப்ப அளந்து காட்டு" என்றார்.

சுலபமான வழியில் ஆரம்பித்தேன். என் லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர்டாப் என்ற நிரலை ஓடவிட்டால் பேட்டரியில் இருந்து எவ்வளவு போகிறது என்று காட்டும். சும்மா இருக்கும்போது 7 வாட் சொச்சம், நாலைந்து பக்கங்கள் திறந்து வேலை செய்தால் 12. வெற்றியோடு திரையைத் திருப்பிக் காட்டினேன். அப்பா அடாப்டரைத் தொட்டுப் பார்த்தார். "இது சுடுதே, அந்தக் கரண்ட்டு யாரு கணக்குல?" நியாயமான கேள்வி. பேட்டரி சொல்வது அடாப்டருக்கு அப்பால் நடப்பதை மட்டும்தான். பில் வருவது சுவரில் இருந்து எடுப்பதற்கு.

அந்த வாரம் மோட்டார் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் தம்பியிடம் கிளாம்ப் மீட்டர் இருந்தது, ஒயரை வெளியே இருந்து கவ்வியே கரண்ட்டை அளப்பது. ஒயரை அப்படியே கவ்வவிட்டோம். பூஜ்யம். போகும் கரண்ட்டும் திரும்பும் கரண்ட்டும் ஒரே கவ்வுக்குள் இருந்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும், ஒரு ஒயரைத் தனியாகப் பிரிக்க வேண்டும். அவரே ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரின் மேலுறையைக் கீறி ஃபேஸை மட்டும் வெளியே எடுத்தார். 0.2 ஆம்பியர். "230 இன்ட்டு 0.2, 46 வாட் வருதுக்கா." அப்பாவுக்குப் பாதி வெற்றி. எனக்கோ பேட்டரியில் 12 போவது சுவரில் 46 ஆவது எப்படி என்று புரியவில்லை.

ராத்திரி யோசித்தபோதுதான் தோன்றியது. பில் போடும் மீட்டரே வாசலில் தொங்குகிறதே, அதையே கேட்டால் என்ன? எங்கள் மீட்டரின் முகப்பில் 3200 இம்ப்/கிலோவாட்-மணி என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு யூனிட்டுக்குச் சிவப்பு விளக்கு 3200 தடவை சிமிட்டும். ஒரு யூனிட் 36 லட்சம் வாட்-வினாடி. அதை 3200ஆல் வகுத்தால் 1125. ஆக, 1125ஐ இரண்டு சிமிட்டலுக்கு நடுவே ஆகும் வினாடிகளால் வகுத்தால் வாட். பத்து வினாடி என்றால் 112, ஒரு நிமிடம் என்றால் 19க்குக் கொஞ்சம் கீழே.

ஞாயிறு காலை ஃபிரிட்ஜ், ஃபேன், டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு லேப்டாப்பை மட்டும் விட்டோம். பேட்டரியை முன்பே 100க்கு ஏற்றி வைத்திருந்தேன், இல்லாவிட்டால் அது சார்ஜ் ஆவதும் கணக்கில் சேர்ந்துவிடும். அப்பா மீட்டர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, விளக்கு மின்னும்போதெல்லாம் "ம்" என்றார். நான் போனில் வினாடி எண்ணினேன். 22. அதாவது 51 வாட்.

எனக்கு முகம் தொங்கிவிட்டது. சும்மா இருக்கட்டும் என்று லேப்டாப்பைப் பிடுங்கிவிட்டு மறுபடி எண்ணினோம். நிற்க வேண்டிய விளக்கு 37 வினாடிக்கு ஒரு தரம் சிமிட்டிக்கொண்டே இருந்தது. 30 வாட்டை எதுவோ குடிக்கிறது. வீடு முழுக்கத் தேடி, கடைசியில் மாடிப்படிக்குக் கீழே "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டிருந்த இன்வெர்ட்டரிடம் போய் நின்றோம். அப்பா பார்த்துப் பார்த்து வாங்கிய இன்வெர்ட்டர்.

அதன் பிளக் சுவிட்சை அணைத்து, லேப்டாப்பை மாட்டி எண்ணினால், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், விளக்கு மின்னவே இல்லை. லேப்டாப் காற்றில் ஓடுகிறதா என்ன? அப்புறம்தான் உறைத்தது: என் மேசை பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது. மெயின் கரண்ட்டை நிறுத்தியதும் லேப்டாப் இன்வெர்ட்டர் பேட்டரியில் இருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது, மீட்டருக்குத் தெரியவே தெரியாது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய் மிக்ஸி பிளக்கில் மாட்டினேன். மிக்ஸி பிளக் நேர் லைன். இந்த முறை 54 வினாடி. 21 வாட்.

ஒரு காலை நேரத்து அளவு போதாது என்பதால், ஆன்லைனில் பிளக் வாட் மீட்டர் ஒன்று வாங்கினேன். சுவருக்கும் அடாப்டருக்கும் நடுவே சொருகுவது. அதில் பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் நிஜ வாட் எத்தனை பங்கு என்பதைப் பார்த்ததும் 46இன் மர்மம் விலகியது: 230 வோல்ட், 0.2 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.48. மூன்றையும் பெருக்கினால் 22 வாட். இந்த மாதிரிச் சின்ன அடாப்டர்கள் கரண்ட்டைச் சீராக இழுக்காமல் வெட்டி வெட்டி இழுக்கும், அதனால் வோல்ட்டையும் ஆம்பியரையும் மட்டும் பெருக்கினால் ஏமாந்துபோவோம். வீட்டு பில் வாட்டுக்குத்தான்.

வீடியோ காலில் 27 வரை போனது, திரை வெளிச்சத்தை முழுசாக வைத்தால் 3 வாட் கூடியது. 65க்குப் பக்கத்தில் போனது ஒரே ஒரு சமயம்தான்: பேட்டரி 20 சதவீதத்துக்கு இறங்கியபின் சார்ஜ் போட்டுக்கொண்டே வேலை பார்த்தபோது 60. அதுவும் கொஞ்ச நேரம். ஒரு வாட்டுக்குக் கீழே இந்த மலிவு மீட்டர்கள் காட்டுவதை நான் நம்புவதில்லை, அதனால் அணைத்து வைத்த லேப்டாப் என்ன எடுக்கிறது என்று இங்கே எழுதவில்லை.

ஏழு நாளில் மொத்தம் 1.24 யூனிட். 60 நாளுக்குப் பத்தரை யூனிட் சொச்சம்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மீட்டரைக் கழற்றிக்கொண்டு போய் இன்வெர்ட்டர் பிளக்கில் மாட்டினார். 31 வாட். இன்னொரு காலண்டர் தாள் கிழிந்தது. 31 வாட், 24 மணி நேரம், 60 நாள்: கிட்டத்தட்ட 45 யூனிட். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பேட்டரிக் கடைக்காரர் சனிக்கிழமை வருகிறாராம்.