ஜீப்ரா டானியோ எங்கே, எப்போது முட்டை விடுகிறது? மொட்டைமாடித் தொட்டிக் குறிப்புகள்

ஜீப்ரா டானியோ என்ற சின்ன வரி மீனை வளர்ப்பவர்கள் நிறையப் பேர். அது முட்டை விட்டதைப் பார்த்தவர்கள் குறைவு. விடிந்ததும் முட்டை விட்டு, நாம் எழுந்து வருவதற்குள் அதுவே தின்றுவிடும். கங்கை, பிரம்மபுத்திரா படுகைகளில் வயலோரமும் வாய்க்காலும்தான் அதன் சொந்த ஊர். மழைவெள்ளம் பரவிய ஆழமில்லாத தண்ணீரில் பெருகும் மீன். அந்த இடத்தைக் கொஞ்சம் தொட்டியில் அமைத்துக் கொடுத்தால், எது அதை முட்டை விடத் தூண்டுகிறது என்று கண்ணால் பார்க்கலாமே என்று இறங்கினேன்.

மீன்கள் கொளத்தூரில் வாங்கியவை. நீளமான பிளாஸ்டிக் டப்பின் ஒரு முனைக்கு அடியில் செங்கல் கொடுத்துச் சாய்த்தேன். ஒரு பக்கம் மூன்று அங்குலத் தண்ணீர், மறுபக்கம் ஒன்பது. இரண்டு பக்கமும் கூழாங்கல் போட்ட தட்டு ஒன்று, வெறும் தட்டு ஒன்று.

முட்டை அதிகம் கிடைத்தது ஆழமில்லாத பக்கத்துக் கூழாங்கல் தட்டில்தான். வெறும் தட்டில் விழுந்ததைத் தின்றிருக்கலாமே என்று கேட்டால், நியாயமான சந்தேகம். அதனால் விடியற்காலையில் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஆண்கள் சினைப் பெட்டையைத் துரத்திக்கொண்டு போனதும் அந்தக் கூழாங்கல்லுக்குத்தான். மூக்கால் விலாவை உரசி, உடம்போடு உடம்பு ஒட்டி ஒரு நொடி நடுங்கும். முட்டைகள் உதிர்ந்து கல்லிடுக்கில் இறங்கிவிடும். ஒட்டாத முட்டை என்பதால் குழாய் வைத்து உறிஞ்சி, டீ வடிகட்டியில் பிடித்துக்கொள்ளலாம்.

நேரத்தை முடிவு செய்வது வெளிச்சம். டப்பைக் கறுப்புத் துணியால் மூடி, தினமும் ஒன்பது மணிக்குத் திறந்து பார்த்தேன். சில நாளில் துரத்தலும் ஒன்பது மணிக்கு மேல் நகர்ந்துவிட்டது. இந்த மீனை வளர்க்கும் ஆய்வகங்களில் 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருட்டு என்று வைப்பதன் அருமை அப்போதுதான் புரிந்தது.

அடுத்தது மழை. பிடித்து வைத்த மழைத்தண்ணீரை மாலையில் கொஞ்சம் கலந்தால், மறுநாள் காலை முட்டை கூடுதலாகவே வருகிறது. குளிர்ச்சியாலா, உப்பு குறைவதாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் டானியோவுக்கு மழை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நன்றாகத் தீனி போட்டால் வருடம் முழுக்க முட்டை விடும். கட்லா, ரோகு போன்ற கெண்டைகள் அப்படியல்ல. பருவமழையில் ஆறு பெருகினால்தான் முட்டை விடும், குளத்தில் சினை முற்றினாலும் விடாது. 1957-இல் ஒடிசாவின் அங்குலில் மீன் ஆய்வாளர் ஹீராலால் சௌத்ரி, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி போட்டு இந்தியக் கெண்டைகளை முட்டை விட வைத்தது அதனால்தான் அவ்வளவு பெரிய விஷயம். வெள்ளம் செய்கிற வேலையை ஓர் ஊசி செய்தது!

முட்டையை லென்ஸ் வைத்துப் பாருங்கள், கட்டாயம் பாருங்கள். 28 டிகிரி தண்ணீரில் முக்கால் மணி நேரத்தில் உச்சியில் இருந்த ஒரே செல் இரண்டாகிறது. அப்புறம் கால் மணிக்கொரு முறை நாலு, எட்டு. மறுநாள் அதே ஓட்டுக்குள் வால் துள்ளுகிறது, இதயம் அடிக்கிறது. இரண்டு மூன்று நாளில் குஞ்சு வெளியே வந்துவிடும்.

இப்போது இரண்டு டப் தயார். ஒன்றில் ஆறவைத்த போர் தண்ணீர், இன்னொன்றில் அதே சூட்டில் மழைத்தண்ணீர். குளிர்ச்சியா, உப்பா என்பதை இதில் பார்த்துவிடலாம்.