ஆறில்லாத ஊரில் அறுவடை

யாழ்ப்பாணம் போகிறவர்கள் கோட்டை, நல்லூர், நூலகம் என்று சுற்றிவிட்டு, ஒரு ஐஸ்கிரீமோடு பயணத்தை முடித்துக்கொள்கிறார்கள். பலாலி வீதியில் பஸ் ஏறி உரும்பிராயில் இறங்கிப் பாருங்கள் என்பேன். ஒழுங்கைக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் செம்மண் தோட்டங்கள் தொடங்கிவிடும்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்குமா என்று பேப்பரைப் பார்த்துப் பயிர் வைக்கிற ஊர். இந்தக் குடாநாட்டிலோ வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வழுக்கியாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும். அப்படியிருந்தும் மாசி வெயிலில் ஒரு பக்கம் வெங்காயம் பிடுங்குகிறார்கள், மறுபக்கம் பீட்ரூட் கிடக்கிறது, வேலியோரம் கதலி குலை தள்ளி நிற்கிறது. எல்லாம் கிணற்றுத் தண்ணீர்.

நண்பனின் தாய்மாமாவுக்குப் பத்துப் பரப்புத் தோட்டம். பதினாறு பரப்பு சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். அந்தத் துண்டு நிலத்துக்கு நடுவே சுண்ணாம்புக் கல்லை வெட்டி இறக்கிய கிணறு. மழைநீர் கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. பேராசைப்பட்டு இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். அதனால் மாமா தண்ணீர் இறைக்கும் மெஷினை ஓடவிட்டுக்கொண்டே கிணற்றை எட்டிப் பார்க்கிறார். நீர்மட்டம் அவருடைய கணக்குக்குக் கீழே போனதும் நிறுத்திவிடுகிறார். பாத்தி பாதியில் நின்றாலும் சரி. “ஊறட்டும் தம்பி, பின்னேரம் மிச்சத்தைப் பார்க்கலாம்.”

மெஷின் வருவதற்கு முன் துலா, நம் ஊர் ஏற்றம். பனைமரத் துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, மூன்றாமவர் வாய்க்கால் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிவிடுவார். 1990களில் எரிபொருள் தடை இருந்தபோது மாமா மறுபடியும் துலா மிதித்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமையும் இல்லை, சோகமும் இல்லை. முழங்கால் வலி எங்கிருந்து வந்தது என்று விளக்குகிறார், அவ்வளவுதான்.

வெங்காயத்துக்கு வருவோம். தாள் பழுத்துச் சாய்ந்ததும் பிடுங்குகிறார்கள். மாமி குந்தியிருந்து, இடக்கையால் தாளைச் சேர்த்துப் பிடித்து, வலக்கையால் மண்ணை உதறி, வரிசையாகக் கிடத்துகிறார். ஒரு வரிசையின் தாள் முந்திய வரிசையின் வெங்காயத்தை மூடும்படி அடுக்கு போகிறது. வெயில் தாளில் படவேண்டும், காயில் படக்கூடாது. வாடிய பிறகு பிடிபிடியாகக் கட்டிக் கொட்டிலின் வளைமரத்தில் தொங்கவிடுகிறார்கள். அண்ணாந்து பார்த்தால் கூரையே தெரியவில்லை. அதில் ஒரு பங்கு விதை. வைகாசி நடுகைக்கு இறக்குவார்கள்.

பத்து மணிக்கு வெறுந்தேநீர் வந்தது, கடித்துக்கொள்ளப் பனங்கட்டியோடு. மாமா வருடத்தையே ஒப்பித்தார். ஐப்பசி, கார்த்திகையில் வாடை மழை. மழை ஓய்ந்த ஈரத்தில் வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலைக் கன்று. தை பிறந்தால் பொங்கல், பனங்கிழங்கு. சித்திரைக்குப் பிறகு கத்தரி, பாகல், பயற்றங்காய் என்று இறைப்பிலேயே ஓடும் கோடை. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பந்தலைச் சாய்க்காமல் இருக்கவேண்டும். ஆடிப்பிறப்புக்குக் கூழ். புரட்டாசியில் மறுபடியும் நிலத்தைக் கொத்திக் குழை தாழ்ப்பது, அதாவது பச்சை இலைகளை உரமாக மண்ணில் புதைப்பது.

வீட்டின் முன்பக்கக் கல்மண்டபம் மிளகாய்க் காசில் கட்டியதாம். 1970களில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. யாழ்ப்பாணத் தோட்டக்காரர் தலைநிமிர்ந்த காலம். 1977இல் இறக்குமதிக்குச் சந்தை திறந்தது. மண்டபத்துக்குப் பின்னால் கட்ட நினைத்த அறை இன்னும் அத்திவாரமாகவே கிடக்கிறது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து நவம்பரில் தடையை எடுத்தார்களே, அந்த வருடம் ஆட்டெருவையும் பூவரசங்குழையையும் வைத்துச் சமாளித்தாராம். அந்தத் திடீர்த் தடையை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கொட்டும் யூரியாவையும் நியாயப்படுத்த முடியாது. இந்தச் சுண்ணாம்புக் கல் எதையும் வடிகட்டாமல் கீழே அனுப்பிவிடும். உரும்பிராய் அடங்கிய வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில், உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்று அளவுக்கு மீறி இருக்கிறது. தோட்டம் முழுவதையும் வாழவைக்கிற கிணறு, மாமி குடிதண்ணீர் வாங்குவதோ வெளியிலிருந்து.

மறுநாள் விடியுமுன் மாமாவோடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனேன், கத்தரிக்காய் மூட்டைகளோடு. நூறு கிலோ கொடுத்தால் பத்துக் கிலோ கழிவு என்று எடுத்துக்கொண்டு தொண்ணூறுக்குத்தான் காசு. “கழிவென்று எடுத்ததை ஒருவனும் குப்பையில் போட்டு நான் காணவில்லை” என்றார் மாமா, வியாபாரியின் காதில் விழும்படியே. வியாபாரி சிரித்துக்கொண்டே தராசைப் பார்த்தான். வெங்காய விலை கேட்டார், பிடிக்கவில்லை, பையில் வைத்திருந்த மாதிரியை வெளியே எடுக்கவேயில்லை.

வீடு திரும்பினால், மருதனார்மடம் சந்தையில் வெங்காயம் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடப் போகிறதென்று மாமியின் தம்பி அழைத்துச் சொல்லியிருந்தார். மாமா நாளை அங்கே போகிறார். எனக்கு அன்றிரவே கொழும்பு பஸ்ஸுக்கு டிக்கெட். என்ன விலைக்குப் போனது என்று நண்பனிடம்தான் கேட்கவேண்டும்.