டிஐஏ எழுதப் போகிறீர்களா? சந்திப்பைத் தாண்டாத வண்டிகளையும் எண்ணுங்கள்

சிவில் பொறியியல் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு தேடும்போது, கோலாலம்பூரில் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் டிஐஏ பக்கம் வருகிறார்கள். முழுப்பெயர் போக்குவரத்துத் தாக்க மதிப்பீடு. ஓர் இடத்தில் கொண்டோமினியமோ கடைத்தொகுதியோ எழும்பினால் சுற்றுவட்டாரச் சாலைகள் என்ன ஆகும், அதற்கு என்ன செய்யலாம் என்று கணக்கோடு காட்டும் அறிக்கை அது. நானும் இறுதியாண்டில் இதைத்தான் எடுத்தேன். பிறகு ஓர் ஆலோசக நிறுவனத்தில் இதே வேலையில் சேர்ந்தேன். ஜூனியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “எந்த சாப்ட்வேர் கற்றுக்கொள்ளட்டும், அக்கா?” என்பதுதான். சிட்ராவோ விஸ்ஸிமோ, காணொளி பார்த்தே பழகிவிடலாம். அதற்குள் நீங்கள் போடும் எண்கள் சரியா என்பதுதான் ஆய்வின் உயிர். அந்த எண்கள் கிடைப்பது தெருவில்.

முதலில் இடத்தைப் பற்றி. உங்களுக்குப் பழக்கமான வட்டாரத்தையே எடுங்கள். எனக்குச் செந்தூல் பிடிக்கும். ரயில் பட்டறை வேலைக்காக வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பகுதி. இன்று பழைய வீட்டு வரிசைகளுக்குப் பக்கத்திலேயே உயரமான அடுக்குமாடிகள் நிற்கின்றன. டிஐஏ யாருக்காக எழுதப்படுகிறது என்பது அங்கே நின்றால் புரியும். மேம்பாட்டு நிறுவனம் பணம் கொடுக்கிறது, மாநகர் மன்றம் படித்துப் பார்த்து ஒப்புதல் தருகிறது. ஆனால் சாலை நெரிந்தால் தினமும் மாட்டிக்கொள்வது அங்கே குடியிருப்பவர்கள்தான். இந்த நினைப்பு எழுதும்போது கூடவே இருக்க வேண்டும்.

வண்டி எண்ணும் நாளைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படாதீர்கள். செவ்வாய், புதன், வியாழன் நல்லது. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகை நேரத்துப் போக்குவரத்து வேறு மாதிரி. பள்ளி விடுமுறையில் எண்ணினால் காலை நெரிசலே இல்லாத ஊர் கிடைக்கும். ரமலான் மாதத்தில் வேலை முடியும் நேரம் முன்னே நகர்வதால் மாலை நெரிசலும் முன்னே வந்துவிடும். தைப்பூசத்தை ஒட்டி பத்துமலைப் பக்கம் எண்ணவே வேண்டாம்.

எண்ணிக்கையைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டமாகப் பிரித்து எழுதுங்கள். பள்ளிக்கூட வாசலில் இதன் அருமை தெரியும். ஒரு மணி நேரத்தில் 200, 320, 240, 200 என்று வண்டிகள் வந்தால் கூட்டுத்தொகை 960. ஆனால் அந்த 320 வந்த கால் மணி நேரத்தில்தான் சாலை திணறுகிறது. 960ஐ, நான்கு தடவை 320 ஆகிய 1280ஆல் வகுத்தால் 0.75. உச்சநேரக் காரணி என்பது இதுதான். பிள்ளைகளை இறக்கிவிடும் வாசலுக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கும் 0.95ஐ எடுத்துப் போட்டால், பெற்றோர் இரட்டை வரிசையில் நிறுத்தும் அந்தக் கால் மணி நேரம் அறிக்கையிலிருந்து காணாமல் போய்விடும்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். விளக்குச் சந்திப்பில் நின்று வண்டிகளை எண்ணும்போது கோட்டைத் தாண்டிப் போனவற்றைத்தான் எண்ணுகிறோம். நெரிசல் இல்லாத இடத்தில் இது போதும். கோலாலம்பூரின் காலை வேளையில் போதாது. ஒரு பக்கத்தில், ஒரு பச்சைக்கு 30 வண்டிகள் போகின்றன, விளக்கின் ஒரு சுற்று 120 விநாடி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 சுற்று. ஆக 900 வண்டிகள். அந்தப் பக்கத்தால் விட முடிவதே அவ்வளவுதான். ஏழு மணிக்கு அங்கே 10 வண்டிகள் காத்திருந்தன, எட்டு மணிக்கு 90 நிற்கின்றன என்றால், அந்த மணி நேரத்தில் உண்மையில் வந்து சேர்ந்தவை 980. தாளில் 900 என்று எழுதினால் கொள்ளளவுக்குச் சமம் என்று ஆகிவிடும். 980 என்றால் 1.09 மடங்கு, அதாவது இப்போதே நிரம்பி வழிகிறது. மேலே 120 வண்டிகளை உங்கள் கட்டடம் சேர்த்தால் 1.22. இந்த எண்பது வண்டிகளை விட்டுவிட்டால், ஏற்கெனவே தவிக்கும் சந்திப்பு இன்னும் தாங்கும் என்பதுபோல அறிக்கை காட்டிவிடும்.

அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் வரிசை எங்கே முடிகிறது என்று பார்த்து எழுத ஒரு ஆளைத் தனியாக நிறுத்துங்கள். பேருந்து நிறுத்தம், மாமாக் கடை, மின்கம்பம் என்று அடையாளம் வைத்துக்கொண்டால் போதும், பிறகு தூரத்தை அளந்துகொள்ளலாம். வரிசை பின்னால் உள்ள சந்திப்பையே அடைத்தால் அதையும் குறித்து வையுங்கள். அப்போது ஆய்வெல்லை அந்தச் சந்திப்பு வரைக்கும் நீள வேண்டும்.

மோட்டார் சைக்கிள்களையும் பக்கத்தில் நின்று கவனியுங்கள். சிவப்பு விழுந்ததும் கார்களின் இடைவெளி வழியாக ஒவ்வொன்றாக முன்னே வந்து, நிறுத்தக்கோட்டுக்கு முன்னாலேயே கூட்டமாக நின்றுவிடும். பச்சை வந்த சில விநாடிகளில் அந்தக் கூட்டம் கிளம்பிவிடும். முதல் கார் அதற்குப் பிறகுதான் அசையும். ஜேகேஆரின், அதாவது மலேசியப் பொதுப்பணித் துறையின், பழைய வழிகாட்டி ஏட்டில் ஒரு மோட்டார் சைக்கிளின் கார்ச் சமமதிப்பு (அது எத்தனை காருக்குச் சமம் என்ற எண்) நகரச் சாலையில் 0.75 என்றும் சமிக்ஞை விளக்கில் 0.33 என்றும் இருப்பதன் காரணம் அங்கே கண்ணுக்குத் தெரியும். இரண்டையும் மாற்றிப் போட்டால் எல்லாக் கணக்கும் புரண்டுவிடும். மேலைநாட்டுக் கையேட்டை அப்படியே எடுத்தாலும் இதே கதிதான், ஏனென்றால் நம் சாலையில் இருக்கும் அளவு மோட்டார் சைக்கிள் அந்த நாடுகளில் இல்லை. 2006இல் வந்த மலேசிய நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேட்டை நூலகத்தில் தேடிப் படியுங்கள்.

அப்புறம் கட்டடம் உண்டாக்கும் பயணங்கள். பொதுப்பணி அமைச்சின் கீழுள்ள நெடுஞ்சாலைத் திட்டப் பிரிவு, பயண உருவாக்கக் கையேடு வைத்திருக்கிறது. கணக்கு எளிது. 600 வீடுகள், காலை உச்சநேரத்தில் வீட்டுக்கு 0.5 பயணம் என்று கொண்டால் 300; அதில் ஐந்தில் நான்கு பங்கு வெளியே போவது என்றால் 240 வெளியே, 60 உள்ளே. எந்த விகிதத்தை ஏன் எடுத்தோம் என்பதில்தான் உழைப்பு. பக்கத்தில் இதே வகை அடுக்குமாடி இருந்தால், பாதுகாவலரிடம் அனுமதி கேட்டு வாசலில் நின்று ஒரு காலை எண்ணிப் பாருங்கள். கையேட்டு விகிதத்தோடு அதையும் பக்கத்தில் வைத்துக் காட்டும் மாணவரைத் தேர்வாளர் தனியாகக் கவனிப்பார்.

ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிறது என்று கார்ப் பயணத்தில் ஒரு பங்கைக் கழிப்பது வழக்கம். 2023 மார்ச்சில் புத்ராஜெயா எம்ஆர்டி ரயில் தடம் முழுதாகத் திறந்தபின் செந்தூல் பாராட், ஜாலான் ஈப்போ பக்கம் இந்த வாதம் அதிகம் கேட்கிறது. நியாயமான வாதம்தான், ஆனால் வரைபடத்தில் வட்டம் போட்டு அளக்காதீர்கள். செந்தூலை ரயில் பாதை இரண்டாகப் பிரிக்கிறது. வட்டத்துக்குள் இருக்கும் நிலையத்துக்கு நடந்து போகச் சுற்று வழியாக இருக்கலாம். நீங்களே நடங்கள். நடைபாதை நடுவில் அறுந்துபோகிறதா, மழைக்கு ஒதுங்க இடம் உண்டா, வயதானவர் ஒரே பச்சையில் சாலையைக் கடக்க முடிகிறதா? இவற்றைப் பார்த்த பிறகு கழிக்கும் பங்கை முடிவு செய்யுங்கள்.

ஒப்பீட்டை இன்றைய நிலை, எதிர்காலத்தில் திட்டம் இல்லாமல், எதிர்காலத்தில் திட்டத்தோடு, தீர்வுகளோடு என்ற வரிசையில் வையுங்கள். ஆண்டுக்கு 2 விழுக்காடு வளர்ச்சி என்றால் பத்தாண்டில் 1.22 மடங்கு, 3 விழுக்காடு என்றால் 1.34. ஒரு விழுக்காட்டு வித்தியாசம் பத்தாண்டில் அவ்வளவு தூரம் இழுக்கும். இதோடு, ஏற்கெனவே ஒப்புதல் பெற்று இன்னும் எழும்பாத பக்கத்துக் கட்டடங்களின் பயணங்களையும் சேர்க்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் கட்டடமும் சாலையைக் கெடுப்பதில்லை. எல்லாம் சேர்ந்துதான் கெடுக்கின்றன.

சாலை எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதை ஏ முதல் எஃப் வரை காட்டும் சேவைத் தரத்தை எழுத்தாக மட்டும் எழுதாதீர்கள். எஃப்தான் மிக மோசம். விளக்குச் சந்திப்பில் சராசரித் தாமதம் 80 விநாடியைத் தாண்டினால் எஃப். 85 விநாடியும் எஃப்தான், 240 விநாடியும் எஃப்தான். ஏற்கெனவே எஃப், திட்டத்துக்குப் பிறகும் எஃப், ஆகவே மாற்றமில்லை என்று எழுதுவது அந்தச் சாலையில் போகிறவர்களுக்குச் செய்யும் அநியாயம். விநாடியையும் வரிசை நீளத்தையும் பக்கத்திலேயே போடுங்கள்.

தீர்வு என்றதும் இன்னொரு தடத்தைச் சேர்ப்பது எல்லாருக்கும் கைவந்த வழி. சாலை அகலமானால் கடக்கும் தூரமும் கூடும். கோயிலுக்கும் கிளினிக்குக்கும் நடந்து போகிறவர்கள் அந்த விலையைக் கொடுப்பார்கள். விளக்கு நேரத்தை மாற்றிப் பார்த்தீர்களா, கட்டட வாசலைச் சந்திப்பிலிருந்து தள்ளி வைத்தீர்களா, வாகன நிறுத்தத்தைக் குறைத்தீர்களா? தடத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். பாதுகாவலர் தடுப்புக் கம்பத்தை உள்ளே தள்ளி வைத்தாலே சில இடங்களில் சாலையில் நிற்கும் வரிசை உள்ளே போய்விடும். செலவும் குறைவு.

நேர்முகத் தேர்வைப் பற்றிக் கடைசியாக. தேர்வாளர்கள் பெரும்பாலும் படங்களைத் தாண்டிப் பின்னிணைப்புக்குப் போவார்கள். ஏதாவது ஓர் எண்ணின் மேல் விரலை வைத்து, இது எப்படி வந்தது என்று கேட்பார்கள். கையால் நிரப்பிய எண்ணிக்கைத் தாள்களைத் தேதி, நேரம், வானிலை, எண்ணியவர் பெயரோடு அடுக்கி எடுத்துப் போங்கள். மழை பெய்த நாள் என்றால் அதையும் மேலே எழுதி வையுங்கள்.