டிரில் மாஸ்டர் சேர்த்துவிட்ட கூட்டம்

நம் பள்ளி டிரில் மாஸ்டர் காரைக்குடியில் காலமான செய்தி வந்த வாரம், சிங்கப்பூரில் இருக்கும் பழைய மாணவர்கள் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் மோட்ச தீபம் ஏற்றினோம். பிறகு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். விசில் கயிறு, வெள்ளை கான்வாஸ் ஷூ, ஐந்து மணி ஆட்டம் என்று எல்லோரிடமும் ஒரே கதைதான். நான் எழுத நினைப்பது கடைசி பெஞ்சுக்காரனைப் பற்றி. பெயர் வேண்டாம், 1985இல் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு அது தேவையும் இல்லை.

அவன் கால் ஓயாமல் ஆடும். அந்த ஆட்டத்தில் பெஞ்சே அதிர்ந்து, பக்கத்தில் இருக்கும் என் கையெழுத்து கோணிக்கொண்டு போகும். கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவான், பாதி தப்பாக இருக்கும். காம்பஸ், ஸ்கேல், செருப்பு என்று வாரம் ஒன்றைத் தொலைப்பான். அப்பச்சி, அதாவது அவன் அப்பா, பினாங்கில் இருந்தார். முகப்பும் வளவும் பூட்டிக் கிடந்த அந்தப் பெரிய வீட்டில் அப்பத்தாவும் அவனும் மட்டும். முறை வரும்வரை பொறுக்கமாட்டான் என்று எந்த ஆட்டத்திலும் அவனைச் சேர்க்கமாட்டார்கள். சேர்த்துக்கொண்டவர்கள் மேல்வகுப்பு அண்ணன்மார்கள் சிலர்.

1981 முதலே சாராயக் கடைகள் திறந்திருந்தன. பத்தாம் வகுப்பில், சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்துத் திரும்பும்போது, அந்த அண்ணன்மார்கள் ஒரு டம்ளரை நீட்டியிருக்கிறார்கள். ஒரே மடக்கில் குடித்துவிட்டான். கைதட்டினார்கள். அதன்பின் ஞாயிறுதோறும் அவனைத் தேடி ஆள் வந்தது.

விஷயம் வெளியே வந்ததும் பிரேயரில் அவனைச் செம்மண் சரளையில் முழங்காலிட வைத்தார்கள். பிரம்பு முறியும்வரை அடி. குடிகாரன் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊற்றிக் கொடுத்தவர்கள் மூன்றாம் வரிசையில் நின்றார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. சரளை குத்திய முழங்காலோடு அவன் எழுந்தபோது அந்த வரிசையைப் பார்த்துத்தான் சிரித்தான். அந்தச் சிரிப்பை அன்று எல்லோரும் திமிர் என்றார்கள். மாஸ்டர் ஒருவர்தான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை பூப்பந்துக் களத்தில் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: “இவன் தனியாக இருந்தால் குடிக்கமாட்டான். நாலு பேர் கைதட்டினால் கிணற்றில்கூடக் குதிப்பான். இனி அந்த நாலு பேர் நீங்கள்.” ஐவர் அணியின் சென்டரில் அவனை நிறுத்தினார். எந்தப் பக்கம் வந்தாலும் அந்த மஞ்சள் கம்பளிப் பந்துக்குப் பாய்ந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி முடிந்ததும் மாஸ்டர் வீட்டில் வெள்ளைப் பணியாரம். பள்ளி முடியும்வரை அவன் குடிக்கவில்லை.

இங்கே நான் பதின்ம வயதுப் பிள்ளைகளோடு வேலை பார்க்கிறேன். ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாடு பெரும்பாலும் பரம்பரையாக வருவது, வளர்ப்புக் கோளாறு அல்ல என்று பெற்றோருக்குச் சொல்வது என் அன்றாடப் பணி. மாஸ்டர் களத்தில் கண்டதைப் பிற்பாடு ஆய்வுகளில் படித்தேன். சிறுவயதில் இக்குறைபாடு இருந்த பிள்ளைகள் போதைப் பழக்கத்துக்குப் போவதில் கெட்ட சேர்க்கைக்குப் பெரும்பங்கு உண்டு என்றும், அதே சேர்க்கை மற்றப் பிள்ளைகளைவிட இவர்களைக் கூடுதலாக இழுக்கிறது என்றும் 2003இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2005இல் ஃபிலடெல்ஃபியாவில் கார் ஓட்டும் விளையாட்டை வைத்து ஒரு சோதனை நடந்தது. தோழர்கள் பார்க்கும்போது பதின்ம வயதினர் அதிக ஆபத்துகளுக்குத் துணிந்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான இந்தத் துணிச்சலோடு, நின்று யோசிக்க முடியாத அவசரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நாம் சரளை மண்ணிலேயே பார்த்துவிட்டோம்.

பிளஸ் டூ முடிந்ததும் அணி கலைந்தது. ஒருவன் கோவைக்கு, ஒருவன் துபாய்க்கு, நான் இங்கே. அப்பத்தாவை விட்டு வர முடியாமல் அவன் மட்டும் ஊரில் தங்கினான். சில வருடங்களில் மாஸ்டரும் ஓய்வு பெற்றார். அவனைச் சுற்றி மறுபடியும் பழைய கூட்டம் சேர்ந்தது. மாசி பங்குனித் திருவிழாவுக்குப் போனபோது கடைசியாக அவனைப் பார்த்தேன். கண்கள் மஞ்சளாகியிருந்தன. தன் நோயைப் பற்றிப் பேசவில்லை. முன்வரிசையில் ஆடியவன் எங்கே, பின்வரிசையில் ஆடியவனுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஐம்பது வயதைக் காணாமல் போய்விட்டான். வெளிநாடு வந்ததால் என் குடும்பம் நிமிர்ந்தது, அதற்கு நன்றியோடு இருக்கிறேன். ஆனால் மாஸ்டர் சேர்த்துவைத்த கூட்டத்தில் ஒருவராவது ஊரில் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை.

2003 முதல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக்கே நடத்துகிறது. 21 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது என்பது சட்டம். வாங்கித்தர ஓர் அண்ணன் இருந்தால் அந்தச் சட்டம் பிள்ளைகளைக் காப்பாற்றாது.

மாஸ்டர் பெயரில் நுழைவு வளைவு கட்டலாம் என்று நம் பழைய மாணவர் சங்கத்தில் பேச்சு இருக்கிறது. அந்தப் பணத்தில் பூப்பந்துக் களத்துக்கு விளக்குகள் போடுவோம். இருட்டும்வரை பிள்ளைகளோடு இருக்க ஒரு பயிற்சியாளரைச் சம்பளத்துக்கு வைப்போம். எந்த அணியிலும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகளை முதலில் எடுக்க வேண்டும் என்பதை அவருடைய நியமன உத்தரவிலேயே எழுதிவிடலாம். தை மாதப் பொதுக்குழுவில் இதை முன்மொழிகிறேன். வழிமொழிய விரும்புகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.