பின்கதவுக் கணக்கு

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஒரு கவுண்டி ஆபீசில் வேலை கிடைத்த அன்று அம்மாவிடம் போனில் சொன்னேன். "கவுண்டின்னா என்னடா, கலெக்டர் ஆபீசா?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். ஜெயில், தேர்தல், பொது சுகாதாரம், சொத்து மதிப்பீடு, நகர எல்லைக்கு வெளியே இருக்கும் சாலைகள், கேட்பாரற்ற பிணம் வரை எல்லாம் கவுண்டியின் பாடு. ஆனால் உச்சியில் கலெக்டர் கிடையாது. ஓட்டு வாங்கி வந்த ஐந்து பேர் கொண்ட போர்டுதான். அவர்களைச் சூப்பர்வைசர் என்பார்கள். "சூப்பர்வைசர்னா மில்லுல இருப்பாங்களே, அவங்களா?" என்றாள். அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள். நகரமும் கவுண்டியும் ஒன்றேயான சான் பிரான்சிஸ்கோவைத் தவிர மற்றதற்கெல்லாம் ஐந்து சூப்பர்வைசர்கள். ஆல்பைன் கவுண்டியில் மொத்தமே 1,200 பேர் சொச்சம், அங்கும் ஐந்து. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் சுமார் ஒரு கோடிப் பேர், அங்கும் ஐந்து. அதை ஒன்பதாக்கலாம் என்று 2024 நவம்பரில்தான் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். நான் வேலை பார்ப்பது இந்த இரண்டுக்கும் நடுத்தரமான ஒரு கவுண்டி. பெயர் வேண்டாம். பட்ஜெட் அனலிஸ்ட் வேலை. நூலகமும் பூங்காவும் என் பொறுப்பில்.

சேர்ந்த புதிதில் பட்ஜெட் புத்தகத்தின் மொத்தத் தொகையைப் பார்த்து மலைத்துப் போனேன். பக்கத்து சீட்டு சீனியர் ஒரு பென்சிலை எடுத்து அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டே வந்தார். மாநில அரசும் மத்திய அரசும் தரும் பணத்தில் ஏற்கெனவே பெயர் எழுதியிருக்கும். சமூக நலத்துக்கு வந்ததைச் சாலைக்குப் போட முடியாது. சீட்டுப் பிடிக்கிறவர் கையில் இருக்கும் பணம் மாதிரி, எண்ணலாம், எடுக்க முடியாது. அப்புறம் சட்டம் செய்தே தீரச் சொல்கிற வேலைகள். ஜெயிலை மூட முடியாது. வேறு எந்த வழியும் இல்லாத ஏழைக்குக் கவுண்டிதான் கடைசிப் புகல் என்று மாநிலச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அதன் எண் 17000. எங்கள் ஆபீசில் எண்ணைச் சொன்னாலே போதும், எல்லாருக்கும் புரியும். இவ்வளவையும் கழித்த பிறகு மிஞ்சியதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "இதுக்குத்தான் ஜூன் மாசம் சண்டை," என்றார்.

அந்த வட்டம் பெரிதாவதும் இல்லை. 1978-இல் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய பிரபோசிஷன் 13, சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு நிறுத்தியது. வீடு கைமாறும் வரை வரிக்கான மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. ஒரே தெருவில், ஒரே மாதிரி இரண்டு வீடு. 1980-இல் வாங்கியவர் கட்டும் வரி ஒன்று, போன வருஷம் வாங்கியவர் கட்டுவது அதைப்போல் பல மடங்கு. அந்த 1 சதவீதமும் முழுசாகக் கவுண்டிக்கு வராது. பள்ளிகள், நகரங்கள், தீயணைப்பு, குடிநீர் மாதிரி ஒரே வேலைக்கென்று இருக்கும் தனி மாவட்டங்கள் என்று பங்கு பிரிந்த பிறகு வருவதுதான் நம்முடையது.

எங்கள் ஆபீசில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது காதில் விழும் சொற்கள் இரண்டு: ஒன்-டைம், ஆன்கோயிங். ஒரு தடவை வரும் பணம், வருஷா வருஷம் வரும் பணம். ஒரு தடவைப் பணத்தை வைத்து நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்காதே என்பதுதான் எங்கள் வேதம். எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் மீறுவார்கள். கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் மத்திய அரசு நாட்டிலுள்ள கவுண்டிகளுக்கெல்லாம் சேர்த்து 6,510 கோடி டாலர் கொடுத்தது. 2024 முடிவதற்குள் எதற்கு என்று ஒதுக்கிவிட வேண்டும், 2026 முடிவதற்குள் செலவழித்துவிட வேண்டும். நாங்களும் நர்ஸ் எடுத்தோம், வேன் வாங்கினோம். அந்த வேன் பின்னால் வரும்.

ஒரு வருஷம் வரவு கொஞ்சம் இறங்கியது. எல்லாத் துறையிலும் வெட்டு. மலைப்பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கும் கிளை நூலகத்தைப் புதன்கிழமைகளில் மூடலாம் என்று எழுதியது நான்தான். யாரும் சொல்லி எழுதவில்லை. வாசல் கதவில் ஆட்களை எண்ணும் கவுண்ட்டர் இருக்கிறது. வாரத்தில் புதன்கிழமைதான் குறைவு, முப்பது பேரைத் தாண்டவில்லை. வரைபடம் போட்டால் பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு அந்த வரைபடம் ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஜூனில் போர்டு மக்கள் முன்னால் பட்ஜெட்டை எடுத்துப் பேசி ஓட்டுப் போடும் விசாரணைக்கு முன் ஐந்து சூப்பர்வைசர்களின் அறைக்கும் தனித்தனியாகப் போய் விளக்க வேண்டும். ஐந்து தடவை அதே பேச்சு. 1953-இல் வந்த பிரவுன் சட்டப்படி போர்டின் பெரும்பான்மை, அதாவது மூன்று பேர், கூட்டத்துக்கு வெளியே சேர்ந்து போர்டு விஷயம் பேசக்கூடாது. ஆள் மூலம் பேசினாலும் தப்பு. ஒருவர் சொன்னதை நான் அடுத்தவரிடம் கொண்டுபோனால் நானே அந்த ஆள். "மத்தவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்பார்கள். தெரியாத மாதிரி நிற்க வேண்டும். பெண் பார்த்துவிட்டு வந்த தரகர் முகம் மாதிரி ஒரு முகம் எனக்கு அந்த வேலையில்தான் வந்தது. ஐந்து அறையிலும் நூலகத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை. ஜெயில் ஓவர்டைமைப் பற்றித்தான் கேட்டார்கள்.

விசாரணை அன்று பொதுமக்கள் பேச ஆளுக்கு இரண்டு நிமிஷம். மேடை விளக்கு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாறும். நூலகத்துக்காகப் பேச வந்தவர்கள் வழக்கமாகப் பேசுவதைப் பேசினார்கள்: புத்தகம், குழந்தைகள், அறிவு. உண்மைதான், ஆனால் எல்லா வருஷமும் எல்லா ஊரிலும் அதே உண்மை. கேட்டுக் கேட்டு எங்களுக்கு மரத்துப்போயிருந்தது. கடைசியாக ஓர் அம்மா வந்தார். பழத்தோட்டத்தில் வேலை செய்பவர். பேச்சு ஸ்பானிஷ் மொழியில், மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில். புத்தகத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை தடுப்பூசி வேன் நூலகத்தின் பின்பக்கம் வந்து நிற்கும், டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஏசியில் உட்கார்ந்திருப்போம், பிள்ளைகள் கழிப்பறைக்குப் போகும், நூலகம் மூடினால் 100 டிகிரி வெயிலில் எங்கே நிற்பது என்று கேட்டார். விளக்கு மஞ்சளுக்கு வருவதற்குள் முடித்துவிட்டார்.

வேன் பின்பக்கம் நிற்கிறது. வேனுக்கு வருகிறவர்கள் பார்க்கிங் பக்கமுள்ள பின்கதவு வழியாக வருகிறார்கள். என் கவுண்ட்டர் முன்கதவில் இருக்கிறது.

வேன் பொது சுகாதாரத் துறையுடையது. அந்தத் துறையைப் பார்க்கும் அனலிஸ்ட் என்னிடமிருந்து இரண்டு மேஜை தள்ளி உட்கார்கிறார். தினமும் சேர்ந்து காபி குடிக்கிறோம். வேன் எந்தக் கிழமை எங்கே நிற்கும் என்று அவருடைய ஃபைலில் இருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, சொல்வதற்கு ஒரு காரணமும் இல்லை.

அன்றைக்கே எழுந்து என் கணக்கு தப்பு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எவ்வளவு தப்பு என்று தெரியாமல் என்ன சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்டு 3-க்கு 2 என்று நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட்ட இருவரில் ஒருவருக்கு அது சொந்தத் தொகுதி. இன்னொருவர் எந்த வெட்டுக்கும் எதிர்ப்புதான். ஆதரித்த மூவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் நம்பியது என் வரைபடத்தை.

ஜூலை 1 அன்று புது நிதியாண்டு, புதன்கிழமைக்கு ஆகஸ்ட் வரை தவணை. ஜூலையில் ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டு மலையேறிப் போனேன். பின்கதவுப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு, காகிதத்தில் கோடு கிழித்து எண்ணினேன். நாலு கோடு, குறுக்கே ஒன்று. பால் கணக்குக்குச் சுவரில் கரிக்கோடு போடும் பாட்டி ஞாபகம் வந்தது. நூலகர் டீ கொண்டுவந்து கொடுத்தார், யார் என்று கேட்டார், சொன்னேன். "ஓ, நீங்கதானா" என்றார். அவ்வளவுதான். மூடும்போது முன்கதவைப்போல் இரண்டு பங்குக்கு மேல் என் காகிதத்தில் இருந்தது.

வெட்டுவதற்கு மூன்று ஓட்டு போதும். ஆனால் பட்ஜெட் நிறைவேறிய பிறகு, எதிர்பாராமல் வந்த வரவை எடுத்து ஒரு செலவுக்குப் போட ஐந்தில் நான்கு ஓட்டு வேண்டும். மாநிலச் சட்டம் அப்படி. நிதானத்துக்காக வைத்த விதி என்பது புரிகிறது. இருந்தாலும் ஒரு தப்பைச் செய்வதைவிடத் திருத்துவது கஷ்டம் என்று அது ஆகிவிடுகிறது. ஆகஸ்டில் புதன்கிழமை நின்றது. வேனைத் தேவாலயம் ஒன்றின் வளாகத்துக்கு மாற்றினார்கள். பிப்ரவரியில் அரையாண்டுக் கணக்கு வந்தபோது விற்பனை வரி நாங்கள் மதிப்பிட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்திருந்தது. அந்தப் பணத்தில் புதன்கிழமையைத் திரும்பத் திறக்கலாம் என்று மறுபடியும் ஐந்து அறை, ஐந்து தடவை அதே பேச்சு. இந்த முறை வரைபடம் இல்லை, கோடு போட்ட காகிதத்தின் நகல். முதலில் எழுதியது நான், தப்பு என்னுடையது என்று ஐந்து பேரிடமும் சொன்னேன். ஒரு சூப்பர்வைசர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை யார் எண்ணச் சொன்னார்கள்?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். "ஓவர்டைம் போட்டீர்களா?" என்றார். இல்லை, லீவு. சரி என்று சிரித்தார்.

கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னால் அஜெண்டா ஒட்டப்பட்டது. நூலகம் கன்சென்ட் காலண்டரில் இருந்தது. சர்ச்சை இல்லாத உருப்படிகளை மொத்தமாகக் கட்டி ஒரே ஓட்டில் முடிக்கும் பட்டியல் அது. ஒரு பாலம் பழுதுபார்ப்பு ஒப்பந்தத்துக்கும் ஒரு பாராட்டுத் தீர்மானத்துக்கும் நடுவில் எங்கள் புதன்கிழமை. யாரும் அதை எடுத்துப் பேசவில்லை. 5-0. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மலையிலிருந்து யாரும் வரவில்லை. வந்திருந்தாலும், எது எப்போது நிறைவேறியது என்று கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

அடுத்த வருஷப் பட்ஜெட்டுக்கு நூலகத் துறையிலிருந்து வந்த கோரிக்கைகளில், பின்கதவுக்கு ஒரு கவுண்ட்டர் வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. ஒன்-டைம் செலவு, பரிந்துரைக்கிறேன் என்று எழுதினேன்.