கண்ணாடிக்கும் தொப்புள் உண்டு

பழைய கலைக்கண்ணாடிச் சாமான்களைச் சேர்க்க ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அலமாரியில் இப்போது 11 உருப்படி இருக்கிறது. இன்னதுதான் என்று அடித்துச் சொல்ல முடிவது நாலு.

மயில் கழுத்துப் பூச்சாடியிலிருந்து தொடங்குகிறேன். போன மே மாதம், இங்கே மாசசூசெட்ஸில் ஒரு வீட்டைக் காலி செய்த விற்பனையில் எடுத்தது. ஒரு சாண் உயரம். லேசாகத் திருப்பினால் பச்சை நீலமாகும், நீலம் ஊதாவாகும். அடியில் ஊசியால் கிறுக்கியது போல ‘எல்.சி.டி.’ என்ற எழுத்துகள். அமெரிக்கக் கலைக்கண்ணாடியின் பெரிய பெயர், லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி! 85 டாலர் என்றார்கள். பேரம் பேசினால் உஷாராகிவிடுவார்களோ என்று பயந்து, மறுபேச்சில்லாமல் காசை நீட்டிவிட்டு வந்தேன். கொத்தமல்லிக்கட்டுக்கே பேரம் பேசுகிறவள் நான்.

வீட்டுக்கு வந்து பத்து மடங்கு லென்ஸை வைத்ததும் சந்தேகம் வந்தது. நூறு வருஷம் மேஜை மேலே நகர்ந்த சாடிக்கு, தரையைத் தொடும் வளையத்தில் மட்டும் கீறல் விழுந்திருக்கும்; திசையில்லாமல், குறுக்கும் நெடுக்குமாக. (உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கியிருந்தால் கோடுகள் ஒரே பக்கமாக ஓடும்.) என் சாடியில் அந்தத் தேய்மானம் அசலாகவே இருந்தது. எழுத்துதான் இடித்தது. ‘டி’யின் கால் அந்த வளையத்தின் மேலே ஏறி, பழைய கீறல்களை வெட்டிக்கொண்டு போயிருந்தது. கோட்டின் ஓரம் வெள்ளையாக, மாவு உதிர்ந்த மாதிரி. சாடி பழசு, கையெழுத்து புதுசு.

அப்போதுதான் நடுவிலிருந்த வட்டத்தை ஒழுங்காகப் பார்த்தேன். ஊதிய சாடியின் வாயைச் சீர் செய்வதற்கு அடியில் ஓர் இரும்புத் தண்டை ஒட்டிப் பிடிப்பார்கள். வேலை முடிந்து தட்டிப் பிரித்தால் தழும்பு நிற்கும். பான்டில் என்பது அதன் பெயர், நான் தொப்புள் என்றே சொல்கிறேன். சிலர் அதை அப்படியே முள்ளாக விட்டிருப்பார்கள். என்னுடையதைக் குழிவாகச் சாணை பிடித்து, வழவழவென்று மெருகேற்றியிருந்தார்கள்.

மினுக்கத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதும் அந்த வாரம்தான் புரிந்தது. சூடான கண்ணாடியின் மேல் தகர உப்பின் ஆவி பட்டால் அந்தத் தோல் வந்துவிடும். டிஃபனியும் அதைச் செய்தார். 1904-இல் ‘ஆரீன்’ என்று பெயர் பதிந்த ஸ்டூபன் என்ற அமெரிக்க ஆலையும் செய்தது. மலிவான கார்னிவல் கண்ணாடியிலும் அதே வித்தைதான். என் சாடியில் உடம்போடு ஒட்டிய கண்ணாடி இழைகளைச் சூட்டோடு இழுத்து அலை அலையாக்கியிருக்கிறார்கள். இது போஹீமியப் பாணி, இன்றைய செக் நாட்டுப் பக்கம். அங்கிருந்த லோட்ஸ் ஆலை ‘ஃபெனோமென்’ என்று 1898-இல் காப்புரிமை வாங்கி, 1900 பாரிஸ் கண்காட்சியில் பெரும்பரிசு தட்டிய வகை. அவர்களுடைய சாமான்களில் பெரும்பாலானவற்றுக்குக் கையெழுத்தே கிடையாது. வெற்று அடி கண்டால் கிறுக்க ஆளுக்கா பஞ்சம்?

அதற்காக லோட்ஸ் என்றும் எழுதிவிட முடியாது. க்ராலிக், ரிண்ட்ஸ்காஃப், பால்மே-கோனிக் என்று பக்கத்து ஆலைகளும் அதே காலத்தில் இதே மாதிரி செய்தன.

அடுத்தது பர்மீஸ். நியூ பெட்ஃபோர்டில் இருந்த மவுன்ட் வாஷிங்டன் கம்பெனி 1885-இல் காப்புரிமை எடுத்த கண்ணாடி. கலவையில் யுரேனியமும் தங்கமும் உண்டு. யுரேனியத்தால் உடம்பு எலுமிச்சை மஞ்சள். உலை வாயில் மறுபடி காட்டிய பாகம் மட்டும் தங்கத்தால் ரோஜாவாகச் சிவக்கும். விளிம்பு சுருக்கிய கிண்ணம் ஒன்றை ஜூலையில் வாங்கினேன். ராத்திரி விளக்கணைத்து புற ஊதா டார்ச் அடித்ததும் கிளிப்பச்சையாக எரிந்தது.

“யுரேனியம்ங்கறியே, அதைப் போய்ச் சாப்பாட்டு மேஜைல வைக்கிறியேம்மா?” என்றார் வீட்டுக்காரர்.

“பார்க்கத்தானேங்க, சாம்பாரா ஊத்தப்போறேன்?”

மறுநாள் விலைச்சீட்டை வெந்நீரில் ஊறவைத்து உரித்தேன். அதற்கடியில் முட்டை வடிவத்துக்குள் ‘ஃபென்டன்’. வெஸ்ட் வர்ஜீனியா ஆலை. 1970-க்குப் பிறகு வார்த்தது. அவர்களும் யுரேனியம் போட்டுத்தான் பர்மீஸ் செய்தார்கள். டார்ச் சொன்னது பொய்யில்லை, நான் கேட்ட கேள்விதான் தப்பு. சீட்டை அவ்வளவு கச்சிதமாக முத்திரை மேலேயே ஒட்டிய கை எதேச்சையாக ஒட்டியிருக்கும் என்று மட்டும் நம்பமாட்டேன்.

தப்பித்ததும் ஒன்று உண்டு. செப்டம்பரில் ப்ரிம்ஃபீல்ட் சந்தைக்குப் போனபோது ‘காலே’ என்று எழுதிய செதுக்குக் கண்ணாடி விளக்கு ஒன்றைக் கையில் எடுத்தேன். எமில் காலே, பிரான்ஸின் பெயர்பெற்ற கண்ணாடிக் கலைஞர். பெயருக்கு முன்னால் விரல் நுனி அளவுக்கு ஓர் இடம் மழுங்கியிருந்தது. ருமேனியாவில் செய்யும் புது நகல்களில் ‘டிப் காலே’ என்றிருக்கும். ‘டிப்’ என்றால் அவர்கள் மொழியில் ‘மாதிரி’. அந்த ஒரு சொல்லைத் தேய்த்துவிட்டால் நகல் அசலாகிவிடும். மெதுவாக வைத்துவிட்டு நகர்ந்தேன்.

பூச்சாடியின் எழுத்தைச் சாணை பிடித்து எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன், அடியைத் தொட்டால் தேய்மானமும் போய்விடும். இப்போதைக்கு அதன் கழுத்தில் ஒரு சீட்டு தொங்குகிறது: ‘போஹீமியா, 1900 வாக்கில். ஆலை: ? எல்.சி.டி. பொய்.’ இந்த மாதம் வாய் விளிம்பை அளந்து, தெரிந்த லோட்ஸ் வடிவங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை 60 பார்த்தாயிற்று, ஒன்றும் பொருந்தவில்லை.