அவியலுக்கு மட்டும் ஒரு ஸ்பூன்

ரத்தப் பரிசோதனைத் தாளில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 173 என்று பார்த்ததும் நான் முதலில் நிறுத்தியது முட்டையின் மஞ்சள் கருவை. டாக்டர் சிரித்துவிட்டார். "அதை அப்புறம் பாத்துக்கலாம். வீட்டுல என்ன எண்ணெய்?" நாகர்கோவில்காரனிடம் கேட்கிற கேள்வியா அது! தேங்காய் எண்ணெய்தான்.

அதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில்கூட அவ்வளவு கிடையாது. நல்லெண்ணெயில் 15 சதவீதம் அளவுதான். இந்த வகைக் கொழுப்பு கூடக்கூட, எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து ஈரல் இழுத்துக்கொள்வது குறைகிறதாம். மிச்சம் ரத்தத்திலேயே சுற்றி, இதயக் குழாய்ச் சுவரில் போய்ப் படிகிறது. பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருந்ததை நம்பி இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். "ஒங்க தாத்தா 88 வயசு வரைக்கும் இந்த எண்ணெயிலதான மக்களே சாப்பிட்டாரு?" தாத்தா தினமும் வயலுக்கு நடந்தார், நான் நாற்காலியை விட்டு எழுவதில்லை என்றேன். அப்பாவுக்கு 56 வயதில் மாரடைப்பு வந்ததை இருவருமே எடுக்கவில்லை.

பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு அளந்தோம். மூன்று பேருக்கு மாதம் 4 லிட்டர் போய்க்கொண்டிருந்தது. அதை ஒன்றரை லிட்டராக்கி, கடலை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் மாறினோம். அவியலை இறக்கியதும் மேலே ஊற்றுகிற ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயை மட்டும் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சொதப்பியது வேறு இடத்தில். எண்ணெய் குறைந்ததும் எனக்கு எதைத் தின்றாலும் பசி. நாலு மணி டீயோடு பிஸ்கட், ராத்திரி இன்னொரு கரண்டி சோறு. ஆறாவது வாரம் பொறுமை இல்லாமல் சோதித்தால், எல்டிஎல் லேசாக இறங்கியிருக்கிறது, ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 180இலிருந்து 230க்கு ஏறியிருக்கிறது! கொழுப்பை எடுத்த இடத்தில் மாவையும் சர்க்கரையையும் வைத்தால் இப்படித்தான் ஆகுமாம். பிஸ்கட் போய்ச் சுண்டலும் வேர்க்கடலையும் வந்தன. சாளை மீனைப் பொரிக்காமல் குழம்பு வைத்தோம்.

மூன்றாம் மாதம் எல்டிஎல் 148, டிரைகிளிசரைடு 150. பெருமையோடு தாளை நீட்டினேன். "நல்லா இறக்கியிருக்கீங்க. ஆனா அப்பாவுக்கு வந்திருக்கு, இது பத்தாது" என்று, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையை டாக்டர் எழுதிவிட்டார். சாப்பாட்டுக் கட்டுப்பாடும் தொடர வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா ஏத்தங்காய் சிப்ஸ் போட வாணலியை எடுத்தார். "அதான் மாத்திரை தந்துட்டாருல்லா மக்களே?"